உயிரின் அழியாமை

புதுக்கோட்டை மாவட்டத்துத் திருப்பெருந்துறையில் இறைவன் திருநாமம் ஆன்மநாதர். உயிர் நிலைபேறுடையதாயினன்றோ உயிர்த்தலைவன் என்னும் அத்திருநாமம் பொருளுடைத்தாம்?

மேனாட்டிலும் இவ்வாராய்ச்சி நிகழ்ந்தது. உரோமாபுரியிற் கூடிய கிறித்தவச் சங்கம் 1513-இல் உயிர் அழியாதென விதித்தது. இத்தாலியராகிய பொம்பொனாட்சி 1516-இல், உடற்றுணையின்றி உயிர்க்கு அறிவு நிகழாமையின் அதன் அழியாமை தருக்கத்தால் நிறுவப்படாது, நம்பிக்கையாற் கொள்ளற்பாலதே என்றெழுதினார்.

அவர் கூறிய ஏது சித்தாந்திகட்கும் உடன்பாடே. கருவிகளின்றிக் கேவலத்தில் உயிர் ஒன்றனையும் அறியாது. துணிபே உடன்பாடன்று. இருளிற் கண் காணாதாயினும் கெடுவதில்லை. உறக்கத்தில் அறிவொழியினும், விழித்தவன் 'யான் உறங்கினேன்' என்கின்றான். ஆண்டு உடல் உளதாகலின் உடலே உயிராகுமெனின், ஆகாது. உடலிருந்தும் அறிவு நிகழாமையின் அறிவுக்கு முதல் உடலன்று என்க.

ஆகலின், அறியாமை வேறு, இன்மை வேறு என்று தெளிக.