பிள்ளைக்கு வீட்டில் புற்றுநோய் மாத்திரை கொடுக்கும்போது



சில மாதங்களுக்கு முன் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு, கடன் தவணை எல்லாம் எழுதி முடித்த பிறகு, ஒரு உறுப்பினர் மஞ்சள் பையில் இருந்து மாத்திரை அட்டைகளை எடுத்துக் காட்டினார். அவருடைய ஆறு வயது மகனுக்கு இரத்தப் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் தங்கி ஊசி போட்ட காலம் முடிந்து, இப்போது வீட்டில் மாத்திரை.

"இது தினமும், இது வாரத்துக்கு ஒரு நாள்னு சொல்லிவிட்டாங்க. நான் ஒரு சாவுக்குப் போயிருந்தேன். எங்க அத்தை ரெண்டு நாளும் ரெண்டையும் கொடுத்துட்டாங்க" என்றார்.

கூட்டத்தில் இருந்தபடியே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தோம். அன்றைக்கே வரச் சொல்லி, இரத்தப் பரிசோதனை செய்து, சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். பிள்ளை பிழைத்தது. அத்தை மேல் குற்றம் இல்லை. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால்தான் இந்த மாதப் பாடம் இது.

ஏன் இத்தனை நாள் மாத்திரை?

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இரத்தப் புற்றுநோயே அதிகம். முதல் சில மாத சிகிச்சையில் நோய் அடங்கிவிடும். ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் ஒளிந்திருக்கும். அதை அழிக்கத்தான் ஏறக்குறைய 2 வருடம் வீட்டில் மாத்திரை தருகிறார்கள். "முடி வளந்துடுச்சு, நல்லா விளையாடுறான், இனி எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்தினால் நோய் திரும்பி வரலாம். களை எடுத்த வயலில் வேர் மிச்சம் இருந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா?

இரண்டு மாத்திரை, இரண்டு கணக்கு

மெர்காப்டோப்யூரின் என்பது பொதுவாகத் தினமும் ஒரு வேளை. மெத்தோட்ரெக்சேட் என்பது இந்த நோய்க்கு வாரத்தில் ஒரே ஒரு நாள். வார மாத்திரையைத் தினமும் கொடுத்தால் வாய் முழுக்கப் புண் வரும், இரத்த அணுக்கள் குறையும், உயிருக்கே ஆபத்து.

வாரத்தில் ஒரு கிழமையை முடிவு செய்து காலண்டரில் வட்டம் போடுங்கள். வார மாத்திரையைத் தனி டப்பாவில் வையுங்கள். படிக்கத் தெரியாதவர் வீட்டில் இருந்தால் டப்பாவில் சிவப்புத் துணி கட்டுங்கள். கொடுத்ததும் காலண்டரில் ஒரு கோடு போடுங்கள்.

மெத்தோட்ரெக்சேட் 2.5 மில்லிகிராமிலும் வரும், 10 மில்லிகிராமிலும் வரும். புது அட்டை வாங்கும்போது எத்தனை மில்லிகிராம், எத்தனை மாத்திரை என்று கேட்டு நோட்டில் எழுதி வாங்குங்கள். இரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் அளவை மாற்றுவார். பழைய அளவையே கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

கொடுக்கும் முறை

1. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் இந்த மாத்திரையைத் தொடவே வேண்டாம்.

2. மற்றவர்கள் கையுறை போட்டு எடுங்கள். கொடுத்த பின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

3. அம்மியிலோ கரண்டியிலோ நசுக்காதீர்கள். தூள் பறந்து மூச்சில் போகும். அரை மாத்திரை என்றாலோ, பிள்ளைக்கு விழுங்க வரவில்லை என்றாலோ, என்ன செய்வது என்று ஆஸ்பத்திரி மருந்தகத்தில் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

4. மாத்திரை கொடுத்ததும் வாந்தி எடுத்தால் நீங்களாக மறுபடி கொடுக்காதீர்கள். போன் செய்து கேளுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகக் கொடுக்கவே கூடாது.

5. வாந்தி, மலம், சிறுநீர் பட்ட துணியைக் கையுறையோடு எடுத்துத் தனியாகத் துவையுங்கள்.

6. மாத்திரையை 'மிட்டாய்' என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். மற்ற பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். மிச்சத்தைக் குப்பையிலோ கக்கூஸிலோ போடாமல் ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுங்கள்.

7. நாட்டு மருந்து, கடை மாத்திரை எதுவானாலும் டாக்டரைக் கேட்காமல் சேர்க்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளையைத் தூக்குவதாலோ கூடப் படுப்பதாலோ புற்றுநோய் ஒட்டாது. கவனமாக இருக்க வேண்டியது மருந்திடம்தான், பிள்ளையிடம் அல்ல.

காய்ச்சல் வந்தால் காத்திருக்காதீர்கள்

வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். 100.4 டிகிரியோ அதற்கு மேலோ காட்டினால் நடு ராத்திரியானாலும் கிளம்புங்கள். வண்டி இல்லையென்றால் 108. "காலையில பாக்கலாம்" என்று இருந்துவிடாதீர்கள். இந்த மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால், சாதாரணக் காய்ச்சலும் சில மணி நேரத்தில் முற்றிவிடலாம். போகுமுன் காய்ச்சல் மாத்திரை கொடுத்து மறைக்காதீர்கள். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் வேண்டாம்.

வாய்ப்புண், இரத்தக் கசிவு, உடம்பில் புதிய கருநீலத் தடிப்பு, கண் மஞ்சள் இவை தெரிந்தாலும் உடனே போங்கள். அம்மை கண்ட பிள்ளையோடு பழகியிருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்.

குழு என்ன செய்யலாம்?

அந்த உறுப்பினரின் குழு இப்போது மூன்று வேலை செய்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் ஒருவர் துணைக்குப் போகிறார். பஸ் செலவுக்குச் சிறுகடன் முன்னுரிமை தருகிறார்கள். வார மாத்திரை நாளில் ஒருவர் போய், "கொடுத்தாச்சா அக்கா?" என்று கேட்டு வருகிறார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் உண்டு. அட்டை இல்லாத குடும்பத்துக்கு விண்ணப்பிக்க உதவுங்கள்.

கூட்டத்தில் பேச

• நம் ஊரில் நீண்ட நாள் மாத்திரை சாப்பிடும் பிள்ளைகள் யார் யார்?

• தாய் ஊரில் இல்லாத நாளில் மாத்திரையை யார் கொடுப்பது? அவருக்குச் சொல்லிக் கொடுத்தாயிற்றா?

• ராத்திரி காய்ச்சல் வந்தால் யாரை எழுப்புவது?

மூன்றாவது கேள்விக்கு ஒரு பெயரும் போன் நம்பரும் தீர்மான நோட்டில் எழுதிய பிறகு கூட்டத்தை முடியுங்கள்.