ஆய்வை அவையில் வைப்போம்



கல்லடிப் பாலத்தை நாம் எத்தனையோ முறை கடந்திருக்கிறோம். பூரணை நிலவில், காற்று அடங்கிய இரவில், அந்தப் பாலத்தின் கீழே வாவி பாடும் என்று உம்மம்மாமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். மீன்பாடும் தேன்நாடு என்ற பெயரும் அதனால்தான் வந்தது. உங்களில் ஒருத்தி இதையே செயற்றிட்டத் தலைப்பாக எடுத்தாள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதம் அலைந்து, மீனவர்களைக் கேட்டு, நூலகத்தில் தேடி அறுபது பக்கம் எழுதிவிட்டாள். இப்போது அதை அவையில் முன்வைக்க அவளுக்குப் பத்து நிமிடம் தருகிறார்கள்.

நல்ல ஆய்வுகள் பல தோற்பது இந்தப் பத்து நிமிடத்தில்தான். மண்டபத்தின் பின்வரிசையில் இருந்து நான் பலமுறை கண்ட காட்சி இது: பிள்ளை திரையின் பக்கம் திரும்பி நிற்கிறாள். திரையில் உள்ளதை வரி வரியாக வாசிக்கிறாள். எட்டாவது நிமிடத்திலும் அறிமுகம் முடியவில்லை. மணி அடிக்கிறது. அவள் கண்டுபிடித்தது என்ன என்பதை யாருமே கேட்கவில்லை. அவளும் "நேரம் போதவில்லை" என்று சொல்லி இறங்கிவிடுகிறாள். மூன்று மாத உழைப்பு அவளோடு வீட்டுக்குத் திரும்பிப் போகிறது.

இந்த இழப்பைத் தவிர்க்கலாம். அதற்கான வழி நம் மொழியில் புதியதும் அல்ல.

அரங்கேற்றம் என்ற பழைய பாடம்

முற்காலத்தில் தமிழில் ஒரு நூல் எழுதி முடித்ததும் நிறைவு பெற்றதில்லை. அறிந்தோர் அவையில் அதை விரித்துச் சொல்லி, அவர்கள் எழுப்பும் ஐயங்களுக்கு விடை சொன்ன பின்னரே அது ஏற்கப்பட்டது. உமறுப்புலவரின் சீறாப்புராணம் அபுல்காசிம் மரைக்காயரின் ஆதரவில் அரங்கேறியது. இன்று பல்கலைக்கழகங்கள் நடத்தும் ஆய்வரங்கும் இந்த மரபின் தொடர்ச்சிதான்.

அண்மைக்கால அரங்கேற்றம் ஒன்று நம் அயலோடு தொடர்புடையது. காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலானந்தர், மறைந்துபோன பழந்தமிழ் இசைக்கருவியாகிய யாழைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அந்த ஆய்வின் பயனான 'யாழ் நூல்' 1947 ஜூன் 5, 6 ஆம் திகதிகளில் தமிழ்நாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அப்போது அவர் உடல்நலம் குன்றியிருந்தார். ஆறு வாரங்களில், ஜூலை 19 இல் காலமானார். அவர் அடக்கமான இடம் கல்லடி உப்போடையில் இருக்கிறது. அவர் பெயர் தாங்கிய அழகியற் கற்கைகள் நிறுவகமும் கல்லடியிலேயே உண்டு.

அந்த அரங்கேற்றத்தில் நாம் கற்க வேண்டியது ஒன்று. யாழ் இப்படித்தான் இருந்தது என்று வாயால் சொல்வதோடு அங்கே நிறுத்திக்கொள்ளவில்லை. ஆய்வின் வழியே மீள உருவாக்கிய யாழை அவைக்குக் கொண்டுவந்து, இசைக்கலைஞரைக் கொண்டு மீட்டிக் காட்டினார்கள். சொன்னது சரியா என்று அவையோர் தம் காதாலேயே கேட்டுப் பார்க்க முடிந்தது. ஆய்வை முன்வைப்பது என்றால் இதுதான். நான் கண்டதை நீங்களும் சோதித்துப் பார்க்கலாம் என்று அவையை அழைப்பது.

முதலில் வினா

தலைப்பு வேறு, வினா வேறு. "மட்டக்களப்பு வாவியும் பாடும் மீனும்" என்பது தலைப்பு. அதைப் பத்து நிமிடத்தில் யாராலும் பேசி முடிக்க இயலாது. "இந்த ஒலியைக் கேட்டதாகச் சொல்லும் மூத்தவர்கள், அது எங்கே, எந்தக் காலத்தில், எப்படிக் கேட்டது என்கிறார்கள்?" என்பது வினா. இதற்கு விடை தேடலாம். கிடைத்த விடையைச் சுருக்கமாகச் சொல்லவும் செய்யலாம். உங்கள் வினாவை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அதற்குக் கீழே உங்கள் விடையையும் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். இரண்டாவது வாக்கியம் வரவில்லை என்றால் திரைக்குப் படம் தயாரிக்க இன்னும் காலம் வரவில்லை.

நம்மூர் விடயம் சிறியது என்று தயங்க வேண்டாம். இலக்கிய வரலாறுகள் அதிகம் கவனியாதிருந்த முஸ்லிம் புலவர்களின் தமிழ்ப் பணியை ம.மு. உவைஸ் தமது முதுமாணிப் பட்ட ஆய்வுக்கு எடுத்தார். அது 1953 இல் நூலாக வந்தது. பிற்காலத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்குப் பேராசிரியராகவும் அவர் விளங்கினார். தம் வீட்டு முற்றத்தில் கிடந்த செல்வத்தை எடுத்து அவையில் வைத்தவர் அவர்.

பத்து நிமிடத்தைப் பங்கிடல்

எல்லாவற்றையும் சொல்ல ஆசை வரும். அறுபது பக்கமும் அறிக்கையில் இருக்கட்டும். அவைக்கு வேண்டியது அதன் சாறு. இப்படிப் பிரித்துப் பாருங்கள்:

வினாவும் அது ஏன் முக்கியம் என்பதும் – 2 நிமிடம்.
எப்படித் தேடினேன் – 2 நிமிடம்.
என்ன கண்டேன் – 4 நிமிடம்.
எதை என்னால் சொல்ல இயலவில்லை – 1 நிமிடம்.
முடிவு – 1 நிமிடம்.

பெரும்பங்கு கண்டுபிடிப்புக்கே என்பதைக் கவனியுங்கள். அறிமுகத்தில் மட்டக்களப்பின் வரலாறு முழுவதையும் சொல்லப் புகுந்தால் அந்த நான்கு நிமிடம் பறிபோகும்.

கண்டதும் கேட்டதும் எண்ணியதும்

1848 இல் இங்கு வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட், இரவில் தோணியில் சென்று இந்த ஒலியைக் கேட்டு எழுதிவைத்தார். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் மெல்லிய அதிர்வு போன்றது என்றார். அது தாம் கேட்டது. ஒலி ஒருவகை ஊரியிலிருந்து வருகிறது என்று மீனவர்கள் கூறினார்கள் என்றார். அது பிறர் சொன்னது. சிப்பி, நத்தை போன்ற உயிர்களாக இருக்கலாம் என்பது அவர் எண்ணியது. மூன்றும் கலந்துவிடாமல் நிற்பதால்தான் இன்றும் அதை நம்பி வாசிக்கிறோம்.

உங்கள் பேச்சிலும் இந்த மூன்றும் தனித்தனியே தெரிய வேண்டும். "எல்லாரும் சொல்கிறார்கள்" என்பதை விட்டு, "நான் கேட்ட இருபது பேரில் இத்தனை பேர் சொன்னார்கள்" என்று சொல்லுங்கள். இதே விபுலானந்தர் இந்த வாவியின் ஒலியை வைத்து 'நீரர மகளிர்' என்று கவிதையும் பாடினார். கவிதையில் நீர்மகளிர் பாடலாம். ஆய்வில் யார் கேட்டார், எங்கே, எப்போது என்று சொல்லியாக வேண்டும்.

திரையும் குரலும்

ஒரு படவில்லையில் ஒரு கருத்து போதும். எழுத்து, கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரிய வேண்டும். பத்தி பத்தியாக எழுதினால் அவை வாசிக்கத் தொடங்கிவிடும், உங்களைக் கேட்காது. ஒலி கேட்ட இடங்களைக் குறித்த வாவி வரைபடம் ஒன்று, மூன்று பக்க விளக்கத்தைவிட மேலானது. மின்சாரம் நின்றுபோனாலும் பேச முடிகிற அளவுக்கு விடயம் உங்கள் மனதில் இருக்கட்டும். முக்கியமான படத்தை ஒரு தாளில் பெரிதாக வரைந்து கையோடு கொண்டு போங்கள்.

முழுப் பேச்சையும் மனனம் செய்யாதீர்கள். ஒரு சொல் மறந்தால் எல்லாம் மறந்துவிடும். முதல் இரண்டு வாக்கியத்தையும் கடைசி இரண்டு வாக்கியத்தையும் மட்டும் பாடமாக்குங்கள். மற்றதற்குச் சிறு அட்டையில் குறிப்பு போதும். குரல் நடுங்கினால் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு மூச்சு எடுத்து, பின்வரிசையில் ஒரு முகத்தைப் பார்த்து, அவருக்குச் சொல்வதுபோலத் தொடங்குங்கள். சத்தம் போட வேண்டியதில்லை. மெதுவாகப் பேசினாலே பாதித் தெளிவு வந்துவிடும்.

வினா கேட்கும் நேரம்

பிள்ளைகள் மிக அஞ்சுவது இதற்குத்தான். ஆனால் வினா வருகிறது என்றால் அவை உங்களைக் கேட்டிருக்கிறது என்று பொருள். "அது உண்மையில் மீன்தானா?" என்று ஒருவர் கேட்பார். "அதை என் ஆய்வு தீர்க்கவில்லை. கேட்டவர்களின் அனுபவத்தை மட்டுமே தொகுத்தேன். அதைத் தீர்க்க நீருக்கடியில் ஒலிப்பதிவு செய்ய வேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள். இந்த விடையில் குறைவு எதுவும் இல்லை. தன் ஆய்வின் எல்லையை அறிந்தவள் என்று அவை உங்களை மதிக்கும். தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொன்னால் அடுத்த வினாவில் அகப்பட்டுக்கொள்வீர்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

வாப்பாவும் உம்மாவும் செய்யக்கூடியது பெரிது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் பிள்ளையின் முன் உட்காருங்கள். கைபேசியை வைத்துவிட்டுக் கேளுங்கள். இடையில் திருத்த வேண்டாம். முடிந்ததும், "நீ என்ன கண்டுபிடித்தாய் மகள்?" என்று மட்டும் கேளுங்கள். அவள் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டால் ஆயத்தம் முடிந்தது. சொல்லத் தடுமாறினால் எந்த இடத்தில் தடுமாறினாள் என்று காட்டுங்கள். வீட்டில் தன் பேச்சைப் பொறுமையோடு கேட்கப் பெற்ற பிள்ளை அவையில் அஞ்ச மாட்டாள்.

மாணவிகளே, உங்கள் அறிக்கை அலுமாரிக்குள் போய்விடும். அவையில் சொன்னது கேட்டவர்களோடு நடந்து போகும். அவர்களில் ஒருத்தி அடுத்த பூரணையில் வாவிக்கரையில் நின்று காது கொடுத்துக் கேட்டால், உங்கள் ஆய்வு அரங்கேறிவிட்டது.