கண்ணுக்கெட்டாப் பட்டறை

பழனி மலைத்தொடரில், ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் அமைந்துள்ளது கோடைக்கானல். அங்குள்ள கதிரவ ஆய்வுக்கூடத்தில், 1909ஆம் ஆண்டு, ஜான் எவர்ஷெட் என்னும் அறிஞர் கதிரவனின் கரும்புள்ளிகளில் வளிகள் வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, அதில் தோன்றும் கோடுகள் சிறிது இடம்பெயர்ந்திருத்தலை நோக்கியே அவர் இவ்வுண்மையை உணர்ந்தார். மறைந்திருப்பதை ஒளியின் துணைகொண்டு காணும் நெறி, ஞாயிற்றுக்கு மட்டுமன்றி நுண்ணிய உயிரணுவுக்கும் பொருந்துவதாகும்.

அம்மலைச் சரிவுகளில் பன்னீராண்டுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சி 2018ஆம் ஆண்டில் பூத்தது. அதன் ஒவ்வோர் இதழும் எண்ணற்ற உயிரணுக்களால் ஆயது. இதழுக்கு நிறம் தரும் பொருளை ஆக்குவன நொதிகள், அந்நொதிகளோ புரதங்கள். புரதங்களைச் செய்யும் பட்டறைகள் ரைபோசோம்கள் எனப்படும். மரபணுவிலிருந்து வரும் செய்தியின்படி, அவை அமினோ அமிலங்களை மணிகளைக் கோப்பதுபோல் வரிசையாகக் கோத்துப் புரதம் ஆக்குகின்றன. எல்லா உயிர்களிலும் இத்தொழில் இவ்வாறே நிகழ்கின்றது.

இதனை எங்ஙனம் காண்பது? 1950களில் ஜார்ஜ் பலாடி என்பார் மின்னணு நுண்ணோக்கியின் வழியே இப்பட்டறைகளைக் கண்டார். பின்னர் அவரும் அவர்தம் துணைவரும், கதிரியக்கமுடைய அமினோ அமிலத்தைக் கணையத் திசுவுக்கு ஊட்டி, புதிய புரதம் உயிரணுவினுள் செல்லும் வழியைப் படமாக்கினர். இக்காலத்திலோ ஒளிரும் சாயம் பற்றத்தக்க அமினோ அமிலத்தை ஊட்டுகின்றனர். புதிதாய்ப் பிறந்த புரதம் மட்டும் சுடர்விடும். பழையது இருளில் நிற்கும்.

சிதம்பரத்தில் 1952ஆம் ஆண்டு பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன், தம் குழுவினருடன் எக்ஸ் கதிர்களைக் கொண்டு, கிருமி ஒன்றன் ரைபோசோமின் சிறு பகுதியை 2000ஆம் ஆண்டில் அணு அணுவாக வரைந்து காட்டினார். 2009ஆம் ஆண்டில் மற்றும் இருவருடன் நோபெல் பரிசு பெற்றார். காசநோய்க்கு மருந்தாகிய ஸ்டிரெப்டோமைசின், கிருமியின் பட்டறையில் எவ்விடத்தைப் பற்றி அதன் தொழிலைக் கெடுக்கின்றது என்பதும் இவ்வாய்வால் விளங்கிற்று.

கிருமிகளோ தம் ரைபோசோமைச் சிறிதே மாற்றிக்கொண்டு மருந்துக்கு அடங்காமல் தப்புகின்றன. பூட்டின் உள்ளமைப்பை அறிந்தவனே புதிய திறவுகோல் செய்ய வல்லவன். ஆதலின் கண்ணுக்கெட்டா இப்பட்டறையைக் காணும் முயற்சி வெறும் வியப்பின்பொருட்டன்று. நோயுற்றாரைக் காக்கும் அறமுமாகும்.