'பாலிங்'கா, 'தெர்'ரா? இந்தோனேசிய மொழியில் ஒப்பிட்டுப் பேச ஒரு வழிகாட்டி

இந்தோனேசிய மொழி கற்கத் தொடங்கும் தமிழருக்கு ஒப்பீட்டில் பாதி வேலை முன்பே முடிந்துவிடுகிறது. 'செமேருவை விட ரிஞ்சானி உயரம்' என்று சொல்லும்போது தமிழில் 'உயரம்' உருமாறுவதில்லை. அங்கும் அப்படித்தான். 'திங்கி' என்றால் உயரம். முன்னால் 'லெபிஹ்' சேர்த்தால் 'இன்னும் உயரம்'. 'விட' என்பதற்கு 'டாரிபாடா'. லோம்போக் தீவின் ரிஞ்சானி எரிமலை 3,726 மீட்டர், கிழக்கு ஜாவாவின் செமேரு 3,676 மீட்டர். ஆகவே, 'ரிஞ்சானி லெபிஹ் திங்கி டாரிபாடா செமேரு'. வரிசை மட்டும் தமிழுக்கு நேர்மாறு: ஒப்பிடப்படும் பொருள் கடைசியில் வரும்.

பேச்சில் 'டாரிபாடா' சுருங்கி 'டாரி' ஆகிவிடும். சந்தையிலும் பேருந்திலும் அதுவே இயல்பு. ஆனால் 'டாரி'க்கு 'இருந்து' என்ற பொருள்தான் முதன்மை என்பதால், தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் முழுச் சொல்லையே எழுதுவது நல்லது.

குறைவைச் சொல்வதில்தான் கொஞ்சம் நிதானம் வேண்டும். 'குராங்' என்றால் குறைவு என்று அகராதி சொல்லும். ஆனால் ஒருவர் சாப்பாட்டை 'குராங் எனாக்' என்றால், ருசி சற்றுக் குறைவு என்று மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. நன்றாக இல்லை என்பதை மென்மையாகச் சொல்லும் முறை அது. எனவே, ஒப்பிடும்போது எதிர்ச்சொல்லைப் பிடிப்பதே மேல். 'விலை குறைவான அறை' வேண்டுமென்றால் 'குராங் மஹால்' என்று தேடிப் போகாமல் 'லெபிஹ் முராஹ்', அதாவது 'இன்னும் மலிவு', என்று கேட்கலாம். 'அந்த அளவுக்கு இல்லை' என்பதற்கு 'செ' முன்னொட்டு இருக்கிறது: 'செமேரு திடாக் செதிங்கி ரிஞ்சானி', ரிஞ்சானி அளவுக்குச் செமேரு உயரமில்லை. இரண்டும் சமம் என்றால் 'சாமா திங்கி'.

உண்மையான குழப்பம் 'மிக' என்ற இடத்தில் தொடங்குகிறது. இந்தோனேசியாவிலேயே உயரமான மலை பப்புவாவின் புன்சாக் ஜயா, 4,884 மீட்டர். அதை 'குனுங் யாங் பாலிங் திங்கி' என்றும் சொல்லலாம், 'குனுங் தெர்திங்கி' என்றும் சொல்லலாம். இரண்டும் சரி, பொருளும் ஒன்று. 'தெர்' செறிவானது, செய்தித்தாள், அறிவிப்பு, பாடநூல் எல்லாம் அதையே விரும்பும். 'தெர்பெசார்' மிகப் பெரியது, 'தெர்பாயிக்' மிகச் சிறந்தது, 'தெர்டெகாட்' மிக அருகிலுள்ளது. 'ரெண்டாஹ்' போல 'ர'வில் தொடங்கும் சொல்லோடு சேரும்போது ஒரு 'ர்' மறைந்து 'தெரெண்டாஹ்' ஆகும்.

ஆனால் 'தெர்' எல்லாச் சொல்லோடும் ஒட்டாது. ஏற்கெனவே முன்னொட்டு உள்ள சொல்லை அது ஏற்காது. 'மெனாரிக்' (ஈர்ப்பான), 'பெர்குனா' (பயனுள்ள) போன்றவற்றுக்கு 'பாலிங் மெனாரிக்', 'பாலிங் பெர்குனா' மட்டுமே வழி. ஒட்டினாலும் பொருள் வேறாகும் சொற்களும் உண்டு. 'லம்பாட்' என்றால் மெதுவான. 'தெர்லம்பாட்' என்றால் மிக மெதுவானது அல்ல, தாமதமாகிவிட்டது! மிக மெதுவானதைக் குறிக்க 'பாலிங் லம்பாட்' வேண்டும். அதுவே விண்ணப்பப் படிவத்தில் ஒரு தேதிக்கு முன்னால் வந்தால் கடைசி நாளைக் குறிக்கும். அதைத் தவறவிடக் கூடாது.

'பாலிங்'குக்கும் ஒரு பேச்சுப் பொருள் உண்டு. 'பாலிங் லிமா மெனிட்' என்றால் 'மிஞ்சிப்போனால் ஐந்து நிமிடம்'. பின்னால் வருவது பண்புச்சொல்லா, எண்ணா என்று கவனித்தால் குழப்பமில்லை. 'பாலிங்', 'தெர்' இரண்டையும் சேர்த்து 'பாலிங் தெர்பாயிக்' என்பது மட்டும் பிழை, ஒன்று போதும்.

மலேசியா, சிங்கப்பூரில் மலாய் பழகிய தமிழர்களுக்கு லெபிஹ், பாலிங், தெர் மூன்றும் புதியவை அல்ல, மலாயிலும் இவைதான்.

புதிதாகக் கற்பவர் வாய்க்கு 'பாலிங்'கையும் கண்ணுக்கு 'தெர்'ரையும் வைத்துக்கொள்ளலாம். பேசும்போது 'பாலிங்' எந்தப் பண்புச்சொல்லோடும் துணிந்து சேரும். 'தெர்' வடிவங்களைப் பலகைகளிலும் செய்திகளிலும் பார்த்துப் பார்த்து, கண்ட சொல்லை மட்டும் எழுத்தில் பயன்படுத்துங்கள். விடுதிக்குள் நுழையுமுன் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 'ஆடா யாங் லெபிஹ் முராஹ்?' இதைவிட மலிவாக ஏதாவது இருக்கிறதா என்று அர்த்தம்.