பொறையுங் கேள்வியும்

பிறர் கொள்கையைப் பகையாதிருத்தலையும் புதுக்கருத்துக்களை ஏற்று ஆராய்தலையுங் குறித்தற்கு, இற்றைநாளிற் 'சகிப்புத்தன்மை' 'திறந்த மனம்' என்னும் இரண்டு தொடர்களே பெருவழக்காயின. மடாலயங்களிற் சித்தாந்தம் பயிலும் மாணாக்கரும் இவற்றையே கைக்கொண்டு, 'பிறமதங்களை மறுக்கும் பரபக்கத்தைப் பயிலுதல் சகிப்புத்தன்மைக்கு மாறன்றோ?' என வினவுகின்றனர். ஆசிரியர் சிலரும் இவ்வினாவிற்கு அஞ்சிச் சிவஞான சித்தியாரிற் சுபக்கம் ஒன்றையே பாடஞ்சொல்லி அமைகின்றனர். நூலிற் பாதியை இழப்பதற்கு முன் சொற்களை ஆராய்தல் நலமென்று கருதி இதனை வரைகின்றோம்.

'சகித்தல்' வடமொழியிலே தாங்குதல் என்னும் பொருளுடைய தாதுவினின்று வந்தது. ஐரோப்பியர் வழங்கும் 'டாலரன்ஸ்' என்னுஞ் சொல்லும் இலத்தீனில் அப்பொருட்டே. நம் 'பொறை'யோ சுமையையே நேர்பொருளாக உடையது. மூன்று மொழியினும் கருத்து ஒன்றே: பிறன் கொள்கை ஒரு பாரம், நல்லோன் அதனைக் கீழே போடாது சுமக்கின்றான். சுமப்பவன் எவ்வளவு சுமப்பது என்பதையுந் தானே வரையறுப்பான். இங்கிலாந்தில் 1689-இல் இயற்றிய சகிப்புச் சட்டம், அரசினர் திருச்சபையினின்றும் பிரிந்த புராட்டஸ்டாண்டுகளுக்கு வழிபாட்டுரிமை தந்து, கத்தோலிக்கரை அவ்வுரிமைக்குப் புறம்பே நிறுத்திற்று.

இனி, திருவள்ளுவர் பொறையுடைமையை யாண்டு வைத்தார் என்பதை நோக்குக. தமக்குத் தீங்கிழைத்தாரைப் பொறுத்தலே அவ்வதிகாரத்தின் பொருள். ஒருவன் வேறு கொள்கையுடையனாதல் அவன் நமக்கிழைத்த தீங்காகுமோ? ஆகாது. ஆகவே, பிறமதத்தான்மாட்டுப் பொறையுடையேம் எனப் பெருமை கூறுவோர், அவனை முன்னரே குற்றவாளியாக்கிப் பின்னர் மன்னிக்கின்றவராவர். அறத்துப்பாலில் உயர்ந்து நிற்குஞ் சொல் தருக்கத்துறையில் வந்து பொருந்தாதொழிகின்றது.

அற்றேல், 'சமரசம்' என்னுஞ் சொல் பொருந்துமோவெனின், அது தாயுமானவரும் இராமலிங்க அடிகளும் ஆண்ட உயர்ந்த சொல்லே. அடிகள் தாம் 1865-இற் கண்ட சங்கத்தின் பெயரிலேயே அதனை அமைத்தார்கள். எனினும் இன்று வழக்குமன்றங்களிலும் தொழிற்றகராறுகளிலும் இருதிறத்தாருஞ் சிறிது சிறிது விட்டுக்கொடுத்து முடித்துக்கொள்ளுதலே சமரசம் எனப்படுகின்றது. முப்பொருளுண்மையிற் பாதியை விட்டுக்கொடுத்தல் யாங்ஙனம்?

'திறந்த மனம்' என்பது ஆங்கிலத் தொடரின் நிழல். பூட்டுத் தொழிலாற் பெயர்பெற்ற எம் திண்டுக்கல்லில் மாங்காய்ப் பூட்டுச் செய்யும் தொழிலாளியைக் கேட்டாற் கூறுவான்: திறவாத பூட்டும் பூட்டன்று, பூட்டிக்கொள்ளாத பூட்டும் பூட்டன்று. எஞ்ஞான்றுந் திறந்தே கிடக்கும் மனத்தில் எதுவும் புகும். புகுந்தது தங்குமென்பதற்கு உறுதியில்லை. இவ்வூர்ப் பக்கத்து உழவர், 'அவர் காது கொடுத்துக் கேட்பார்' என்பதனையே ஒருவர்க்குரிய நற்சான்றாகக் கூறுவர். அவர் வாய்ச்சொல்லே நூல்வழக்கிற்கும் அணித்தாக உள்ளது.

அந்நூல்வழக்குச் சொல் கேள்வி. கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என ஞானத்தின் படிகளை அடுக்கிய நம் ஆசிரியர், கேட்டலை முதலில் வைத்தனர். ஆண்டுக் கேட்டல் குருவினுரையைக் கேட்டலன்றோவெனின், ஆம். ஆயின் அக்குருவுரையுள்ளேயே மாற்றாருரையும் அடங்கிக் கிடத்தலைக் காணாதார் இவ்வினாவை எழுப்புவர். அருணந்தி சிவாசாரியர் உலகாயதன் முதற் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினான்கு வாதியரைப் பரபக்கத்தில் நிறுத்துகின்றார். ஒவ்வொருவர்க்கும் முதலில் அவர்தம் மதத்தை அவரே கூறுமாறுபோலக் கூறி, அதன்பின்னரே மறுதலையைத் தொடங்குகின்றார். மதங் கூறாது மறுதலை கூறுதல் அந்நூலின் அமைப்பிலேயே இல்லை.

இம்முறையாற் போந்த பயன் ஒன்றைக் கூறுதும். ஆசீவகர் தம் நூல்கள் அழிந்தன. ஏ. எல். பாஷம் என்னும் ஆங்கில அறிஞர் 1951-இல் அவர்தம் வரலாற்றையுங் கோட்பாட்டையும் விரித்து ஒரு நூல் வெளியிட்டபொழுது, தமிழிலிருந்து அவர்க்கு முதன்மையாகத் துணைநின்றவை மணிமேகலை, நீலகேசி, சிவஞான சித்தியார் என்னும் மூன்றுமே. முதலிரண்டு பௌத்த சமண நூல்கள், மூன்றாவது நம்முடையது. மூன்றும் ஆசீவகத்தை மறுத்தவை. மறுத்தவரே அதனைக் காத்தவருமாயினர்! சகித்து வாளா இருந்திருப்பரேல், பெயரன்றிப் பிறிது எஞ்சியிருக்குமோ?

புதுமையை நோக்கிய நிலையும் இத்தகையதே. உமாபதி சிவாசாரியர் சிவப்பிரகாசத்தின் பாயிரத்தில், பழையனவெல்லாம் நல்லனவல்ல, இன்று தோன்றியனவெல்லாந் தீயனவல்ல என்னுங் கருத்தை வெளிப்பட வைத்துள்ளார். சிவஞான போதமுஞ் சித்தியாரும் இருக்க மூன்றாவதொரு நூல் எற்றுக்கு என்பார்க்கு அது விடை. தில்லைவாழந்தணராகிய அவர் மறைஞான சம்பந்தரை அடுத்துத் தம் குலத்தாரால் விலக்கப்பட்டாரென மரபு கூறும். புதியதனைக் கேட்டலால் இழப்பு நேருமென்பதை அறிந்தே அப்பாயிரத்தைப் பாடினாரென்று கொள்ளுதல் தகும். அவரே சக ஆண்டு 1235-இல், அஃதாவது 1313-இல், சங்கற்ப நிராகரணத்தில் நம்மினும் நுண்ணிதின் வேறுபட்ட சைவர்களையும் வாதிகளாக நிறுத்தி மறுத்தார்.

உள்வேற்றுமையை நம் முன்னோர் ஆண்ட முறைக்குச் சுபக்க அறுவருரையினுஞ் சிறந்த சான்றில்லை. ஞானப்பிரகாசருரை சிவசமவாதச் சார்பினதென்று கண்ட சிவஞான முனிவர், அதனை மறுத்தற்கென்றே 'சிவசமவாதவுரை மறுப்பு' எழுதினார். அம்மறுப்பின் கடுமையைப் பயின்றார் அறிவர். அங்ஙனமிருந்தும், அறுவருரைப் பதிப்பிலே ஞானப்பிரகாசருரையும் முனிவருரையும் ஒரே செய்யுளின்கீழ் அடுத்தடுத்து நிற்கின்றன. நூலைப் பதிப்பித்தோர் ஒன்றை நீக்கிற்றிலர்.

மாறான போக்கும் நம்மிடை உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. திருவாவடுதுறைச் சுவாமிநாத தேசிகர் தம் இலக்கணக் கொத்தின் பாயிரவுரையிற் சிந்தாமணி, சிலப்பதிகாரம், நன்னூல் முதலியவற்றிற் காலங்கழிப்போரைக் கடிந்துரைத்தார். ஆயின் அவர் மாணாக்கராகிய சங்கர நமச்சிவாயரே சமணராகிய பவணந்தியின் நன்னூலுக்கு விருத்தியுரை கண்டார். அவ்வுரையைத் திருத்திச் செப்பஞ் செய்தவர் அதே ஆதீனத்துச் சிவஞான முனிவர். அவ்வாதீனத்திற் பயின்ற சாமிநாதையர் கும்பகோணத்துச் சமணர்பால் அவர்தம் சமய நுட்பங்களைக் கேட்டுத் தெளிந்து 1887-இற் சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஆசிரியர் கடிந்ததை மாணாக்கர் பரம்பரை கேட்டது. எமக்கு இதனில் வியப்பில்லை. ஆசிரியர்பாற் கேட்கக் கற்றோர் பிறர்பாலுங் கேட்பர்.

திண்டுக்கல்லுக்கு வடக்கே குடகனாற்றங்கரையில் உள்ள தாடிக்கொம்பிற் சௌந்தரராசப் பெருமாள் கோயில் நாயக்கர் காலச் சிற்பங்களுக்குப் பெயர்பெற்றது. அதன் மண்டபத் தூண்களில் உலகளந்த பெருமாளும் வைகுண்டநாதரும் நிற்கும் வரிசையிலேயே ஊர்த்துவ தாண்டவரும் அகோர வீரபத்திரரும் நிற்கின்றனர். தேய்பிறை அட்டமியில் அக்கோயிலிற் சொர்ண ஆகர்ஷண பைரவரை வழிபட வரும் மக்களின் திரளோ பெரிது. தூண்வரிசையைக் கண்டு, 'ஆகவே எல்லாம் ஒன்றே. பாஞ்சராத்திரி மறுதலை நமக்கெற்றுக்கு?' என்பாரும் உளர். சிற்பி இரண்டு மூர்த்திகளையும் ஒன்றாக உருக்கி வார்த்தானல்லன்; ஒவ்வொன்றையும் அதனதன் இலக்கணம் வழுவாது தனித்தூணிலே செதுக்கினான். மதமும் மறுதலையுமாக வகுத்த அருணந்தியார் செயலும் அதுவே.

ஆதலாற் பரபக்கத்தை விடாது பயிற்றுக. பயிற்றுங்கால் ஒரு நியமம் வேண்டும். பாஞ்சராத்திரி மதத்தை மாணாக்கன் முதலில் தன் வாய்மொழியாற் கூறுக. அவன் கூற்றைத் தாடிக்கொம்புப் பட்டாசாரியார் ஒருவர் அயலிருந்து கேட்பின், 'எம் கொள்கை இதுவே. இதனினும் நன்றாக யாமுங் கூறோம்' என்று தலையசைத்தல் வேண்டும். அதுகாறும் மறுதலைச் செய்யுட்களின் ஏட்டை அவிழ்த்தல் வேண்டா.