விளையாட்டில் கடிக்கும் நாய்க்குட்டியைத் திருத்துவது எப்படி?

சின்ன வெங்காயம் விளையும் செட்டிகுளம் பகுதியில் வெங்காயப் பட்டறைக்கும் ஆட்டுப்பட்டிக்கும் காவலாக நாய்க்குட்டி எடுத்து வளர்ப்போர் உண்டு. குட்டி பிள்ளைகளின் கையைக் கவ்வினால் செல்லக்கடி என்று சிரித்துவிடுகிறோம். 4 மாதத்திற்கு மேல் பால் பற்கள் விழுந்து கெட்டிப் பற்கள் முளைத்த பின்பு அதே பழக்கம் ஆட்டுக்குட்டியின் காதிலும் பிள்ளையின் காலிலும் போய் முடியும்.

கூடப் பிறந்த குட்டிகளோடு விளையாடும்போது ஒன்று பலமாகக் கடித்தால், கடிபட்டது வீறிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். தாயும் உறுமி விலகும். எவ்வளவு அழுத்தலாம் என்பதைக் குட்டி அங்குதான் கற்கிறது. ஒரு மாதத்திலேயே பிரித்துக் கொண்டுவந்த குட்டிக்கு இந்தப் பழக்கம் சரியாகப் படிந்திருக்காது. ஆகவே 8 வாரம் நிறைந்த பின் எடுப்பதே நல்லது.

வீட்டிலும் இதே முறைதான். பல் அழுந்தியவுடன் கையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. இழுத்தால் குட்டி இன்னும் பாயும், தோலும் கிழியும். கையைத் தளரவிட்டு, பேசாமல், முகம் பார்க்காமல் எழுந்து அப்பால் போய்விட வேண்டும். அரை நிமிடம் கழித்து வந்து விளையாடலாம். மறுபடி கடித்தால் மறுபடி விலக வேண்டும். வீட்டில் எல்லோரும் இப்படியே செய்வது அவசியம். அப்பா விலகிப் போக, அண்ணன் துண்டை ஆட்டிக் கடிக்கவிட்டால் குட்டிக்கு ஒன்றும் விளங்காது. காரியத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த அண்ணன்மார்தான்! கடிப்பதற்கு முடிச்சிட்ட கெட்டித் துணியைக் கொடுக்கலாம். வெந்த கோழி எலும்பு சிம்பாகப் பிளந்து தொண்டையில் குத்தும், கொடுக்க வேண்டாம்.

மூக்கில் அடிப்பதும் வாயைப் பிடித்து அழுத்துவதும் தவறு. அடிபட்ட குட்டி கையைக் கண்டு அஞ்சும். அஞ்சிய நாயே பின்னால் நம்ப முடியாத நாயாகிறது. ஆட்டுக்குட்டிகளுடன் பழக்கும்போது கயிற்றில் பிடித்துக்கொண்டு பழக்கவும், தனியே விடக்கூடாது.

விளையாட்டுக் கடியானாலும் பல் பட்டுத் தோல் கீறியிருந்தால் அலட்சியம் கூடாது. குட்டிக்கும் வெறிநோய் வரும். ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போகவும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்க வேண்டாம். 1885-இல் வெறிநாய் கடித்த 9 வயதுச் சிறுவனுக்குப் பிரான்சில் பாஸ்டரின் ஊசி போடப்பட்டது. நோய்க்குறி தோன்றுமுன் போட்டதால் பையன் பிழைத்தான். குறி தோன்றிய பின் காப்பாற்றுவது அநேகமாக முடியாது. எனவே டாக்டர் சொல்லும் எல்லாத் தவணைகளையும் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும்.

குட்டிக்கு 3 மாதம் நிறைந்ததும் கால்நடை மருந்தகத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, டாக்டர் குறித்துத் தரும் தேதியில் அடுத்த ஊசியும், பிறகு ஆண்டுதோறும் ஓர் ஊசியும் போட்டுவரவும்.