இரட்டிக்கும் காலம்

ஊரைவிட்டுத் தில்லிக்கு வந்து பயிலும் நம்மிற் பலருக்கு, உதவித்தொகையைத் தாமே ஆளும் முதற்பருவம் இது.

கதிரியக்கப் பொருள் பாதியாகக் குறையும் காலத்தை அரை ஆயுள் என்கிறோம். அதன் மறுபக்கமாகப் பணத்திற்கு இரட்டிக்கும் காலம் ஒன்று உண்டு. 72 என்னும் எண்ணைக் கூட்டு வட்டி விகிதத்தால் வகுத்தால் அது ஏறத்தாழக் கிடைக்கும். ஆண்டு வட்டிக்கு ஆண்டுகளில், மாத வட்டிக்கு மாதங்களில்.

பொது வருங்கால வைப்பு நிதிக்கு 2020 ஏப்ரலில் ஆண்டுக்கு நூற்றுக்கு 7.1 வட்டி அறிவித்தார்கள். அந்த விகிதத்தில் பணம் இரட்டிக்கப் பத்து ஆண்டுகள் செல்லும்.

கடன் அட்டையில் மாதத்திற்கு நூற்றுக்கு 3.5 வட்டி என்று கொள்வோம். கட்டாமல் விட்ட நிலுவை, வட்டியினால் மட்டுமே, இருபது மாதங்களில் இரட்டித்துவிடும்! ‘குறைந்தபட்சத் தொகை’ கட்டினால் தாமதக் கட்டணம் தப்புமே தவிர, மீதிக்கு வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

என் தந்தையார் தறி நெய்பவர். மாதந்தோறும் நான் அனுப்பும் இரண்டாயிரம் ரூபாய் தங்கையின் படிப்புக்கு ஆகிறது. அதை அட்டை வட்டி விழுங்க நான் இசையேன்.

ஆகவே, முதலில் அட்டைக் கடனை முழுதும் தீர்ப்போம். பிறகு சிறிதேனும் மாதத் தொடக்கத்திலேயே எடுத்து வைப்போம். வட்டி நம் பக்கம் வளரட்டும்!